வெட்டப்பட்ட ஏழு விநாடிகள்

காலை எட்டு இருபதுக்கு என் மகளின் இடது கைவிரல்கள் தாமாக மடங்கத் தொடங்கின. ஒன்பது வயது. அந்த மாதத்தில் அது நான்காவது வலிப்பு. எப்படித் தொடங்குகிறது என்பதை அடுத்த முறை வீடியோ எடுத்து வைக்கும்படி எங்கள் டாக்டர் சொல்லியிருந்தார். கட்டிலருகிலேயே வைத்திருந்த ஹெச்டி கேமராவை ஒரு கையால் எடுத்தேன். மறு கையால் அவளை ஒருக்களித்துப் பிடித்துக்கொண்டேன். பிள்ளை துடிக்கும்போது ஃபோகஸ் பார்த்தவள் நான்.

இரண்டு நிமிடப் படம், இருநூற்றைம்பது எம்பி. வாட்ஸ்அப் எல்லாம் வராத காலம், மெயிலில் இருபது எம்பிக்கு மேல் போகாது. அதைப் பார்த்து மருந்தை முடிவு செய்ய வேண்டிய நரம்பு மருத்துவர் சென்னையில் இருந்தார். அன்று மாலையே வெளிநாடு கிளம்புகிறார். குரியர் மறுநாள்தான் போய்ச் சேரும். நானே கம்ப்யூட்டரில் சுருக்கிப் பார்த்தேன். தபால்தலை அளவுக்கு ஒரு படம் வந்தது. அதில் கண்ணே தெரியவில்லை.

மகளைக் கணவரிடம் விட்டுவிட்டு, எங்கள் ஊர் சிம்மக்கல் பகுதியில் கல்யாண வீடியோ எடிட் செய்பவரிடம் ஓடினேன்.

"இம்புட்டுப் பெரிய படத்துல பாதி பீரோவும் சுவரும்தானக்கா இருக்கு? பிள்ளையை மட்டும் வச்சுக்கிட்டு மத்ததை வெட்டிருவோம். சத்தமும் வேண்டாம்ல?"

கம்ப்யூட்டரை இரண்டு தடவை ஓடவிட்டார். முதல் ஓட்டத்தில் எங்கே அசைவு அதிகம் என்று அது பார்த்துக்கொள்ளும். இரண்டாவதில் அந்த இடங்களுக்கு அதிக எம்பி ஒதுக்கும். பத்தொன்பதுக்கு வந்தது. இமை துடிப்பதுகூடத் தெளிவாகத் தெரிந்தது. ஆனால் படம் தொடங்கும்போதே உடம்பு முழுவதும் இழுத்துக்கொண்டிருந்தது.

"ஆரம்பம் எங்கண்ணே?"

"அந்த ஏழு செகண்டு கேமரா ஆடுதுக்கா, மூஞ்சியும் கோணலா இருக்கு. கல்யாண வீடியோல அப்படி விட்டா பொண்ணு வீட்டுக்காரங்க கடைக்கே வந்து வைவாங்க."

"அந்தக் கோணலைப் பாக்கத்தாண்ணே டாக்டர் கேக்குறாரு!"

"கை பழகிப் போச்சுக்கா, மன்னிச்சிருங்க" என்று மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். ஏழு விநாடியைச் சேர்த்ததும் இருபதைத் தாண்டியது. தரத்தைக் கொஞ்சம் இறக்கலாமா என்று கேட்டார். நான் சம்மதிக்கவில்லை. வலிப்பு நின்று அவள் தூங்கிப்போன கடைசிப் பகுதியை வெட்டச் சொன்னேன். மூன்று மணிக்குப் பிறகுதான் மெயில் போனது. வீடு திரும்பி, போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

ஆறு மணிக்கு வாசலில் ஸ்கூட்டர் நின்றது. போன் செய்யாமல் எங்கள் டாக்டரே நேரில் வந்துவிட்டார்.

"சென்னையில பாத்துட்டாங்கம்மா. மொதல்ல இடது விரலு, அப்புறம் வாயி, அதுக்கப்புறந்தான் உடம்பு. இது ஒரு பக்கத்துல ஆரம்பிச்சுப் பரவுற வகை. நம்ம குடுத்துக்கிட்டிருந்தது இதுக்கான மாத்திரையே இல்ல. இன்னைக்கே வேற ஆரம்பிச்சிரலாம். பிள்ளை சாப்ட்டாளா?"