நசீறா போடும் புள்ளிகள்

மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு நசீறா குசினியிலிருந்து விறாந்தைக்கு வருவாள். கதிரை நுனியில் இருப்பாள். உடனே எழும்பி வாசலுக்குப் போவாள். எருக்கலம்பிட்டியில் இப்படி நடந்துகொண்டே கந்தோர் வேலை பார்ப்பவள் இவள் ஒருத்திதான். வெளிநாட்டு நிறுவனம் ஒன்று மனிதரைப் போல எதையும் யோசிக்கும் இயந்திரம் செய்கிறதாம். அது தமிழில் சொல்லும் பதில்களில் அறிவு இருக்கிறதா என்று பார்த்துப் புள்ளி போடுவது இவள் வேலை.

பழக்கதோஷம், யாரையும் விடமாட்டாள். படலைக் கொளுக்கியை மூக்கால் தள்ளித் திறந்த ஊர்க் கழுதைக்குப் பத்துக்கு எட்டு. புருஷன் சனூனுக்கு ஐந்து. பக்கத்து வீட்டுக்காரியான எனக்கு எவ்வளவென்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவாள், கள்ளி.

இந்த நோன்பின் கடைசியில்தான் வில்லங்கம் வந்தது. "நாளைக்குப் பெருநாளா?" என்ற கேள்விக்கு இயந்திரம் இரண்டு பதில் சொல்லியிருந்தது. ஒன்று, கணக்குப் போட்டு ஆம் என்றது. மற்றது, தனக்குத் தெரியாது, பிறை கண்டால் பள்ளிவாசலில் அறிவிப்பார்கள், பொறுத்திருங்கள் என்றது. நசீறா இரண்டாவதற்கு முழுப் புள்ளி போட்டாள். நிறுவனம் திருப்பி அனுப்பிவிட்டது. முடிவாகப் பதில் சொல்வதுதான் அறிவு, தெரியாது என்றால் சைபர் என்பது அவர்களுடைய விதி. மாற்றாவிட்டால் அன்று மாலையோடு வேலை போய்விடும். சனூனின் படகு எஞ்சின் பழுதாகிக் கிடக்க, அந்த வீட்டில் உலை கொதிப்பது இந்தப் புள்ளிகளால்தான்.

நோன்பு வாயோடு என் வீட்டுக்கும் தன் வீட்டுக்குமாக அலைந்தாள்.

"தெரியாத இடத்திலை தெரியாது எண்டு நிக்கிறதுக்குத்தான் கனக்க அறிவு வேணும். அதுக்குப் போய் நான் எப்பிடிச் சைபர் போடுறது?" என்றாள்.

சனூன் மாற்று என்றும் சொல்லவில்லை, மாற்றாதே என்றும் சொல்லவில்லை. எஞ்சினைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவரைப் பார்க்க எனக்கு எரிச்சலாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது.

நோன்பு திறக்கும் மஃரிப் பாங்குக்குச் சற்று முன்னர் நசீறா கதிரையில் வந்து இருந்தாள். தெரியாது என்ற பதிலுக்குச் சைபர் போட்டு அனுப்பினாள்.

"முடிஞ்சுது" என்றாள்.

நோன்பு திறந்ததும் பிறை பார்க்க ஊரே வெட்டவெளிக்கு ஓடியது. பிள்ளைகள் ஒருவர் தோளில் ஒருவர் ஏறினார்கள். எல்லார் முகமும் மேற்கே. சனூன் கையை நீட்டி, "அந்த முகிலுக்குக் கீழை பார், நசீறா" என்றார். அவளோ குனிந்து, மணல் புகுந்துவிட்டதுபோலச் செருப்பைக் கழற்றி உதறிக்கொண்டே இருந்தாள்.