பாதம் பார்க்கிற குமுதவல்லி

வேலைவிட்டு வந்து குளித்தவுடன் குமுதவல்லி கைக்கண்ணாடியைத் தரையில் வைத்து, அதன்மேல் இடது பாதத்தைத் தூக்கிப் பிடிக்கிறாள். குதிகால், விரலிடுக்கு, நகக்கண் என்று ஒன்றையும் விடுவதில்லை. அந்த நேரம் பார்த்துக் கணவர் தங்கராஜு தேத்தண்ணி கேட்டால், "இருங்கலா, இன்னிக்குப் பேப்பர இன்னும் படிச்சு முடிக்கல" என்பாள்.

பெடாஸ் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் எண்ணெய்ப்பனைக் கன்று வளர்க்கும் வேலை. இனிப்புநீர் என்கிற சர்க்கரை நோய் வந்து பதினோரு வருடம் ஆகிறது. இரண்டு வருடத்துக்கு முன் ஒரு முள் பூட்ஸுக்குள் புகுந்து, மூன்று நாள் அவளோடு வேலைக்குப் போய்வந்தது. நோயில் பாதம் மரத்துப்போயிருந்ததால் வலியே இல்லை. காலுறையில் சீழைக் கண்ட பிறகுதான் தெரிந்தது. சுண்டுவிரலை எடுத்துவிட்டார்கள்.

"வலிச்சிருந்தா கத்தியிருப்பேன்லா. சத்தமே போடாம விரலத் திருடிட்டான்" என்று சிரிக்கிறாள். இப்போதெல்லாம் பூட்ஸைக் கவிழ்த்துத் தட்டி, உள்ளே கைவிட்டுத் துழாவாமல் காலை நுழைப்பதில்லை. வீட்டுக்குள்ளும் செருப்புத்தான்.

போன ஆடி வெள்ளி நண்பகலில் தோட்டத்துக் கோயிலுக்குத் தடித்த வெள்ளைக் காலுறையோடு வந்தாள். பிரகாரத்துச் சிமெண்டு தோசைக்கல்லாகக் காய்ந்திருந்தது. கோயில் தலைவர் அமிர்தலிங்கம் மறித்தார்.

"என்னம்மா குமுதா, கோயிலுக்குள்ள ஸ்டோக்கினா?"

"என் காலுக்குச் சூடு தெரியாது தலைவரே. அம்மன் பாதத்துக்கு வெள்ளியில கவசம் போட்டிருக்கீங்க. எனக்குத் துணிதான்லா."

பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். தலைவர் விறைப்பாக, வெறுங்காலோடு மூன்று சுற்றும் சுற்றி வந்தார்.

அன்னதானத்தில் அவர் சம்மணமிட்டு உட்கார்ந்தபோது, சாம்பார் ஊற்ற வந்த குமுதவல்லியின் கண் வழக்கம்போல் பாதத்துக்குப் போனது. பெருவிரலுக்குக் கீழே கொப்புளம் உடைந்து ஈரம் கசிந்துகொண்டிருந்தது.

"இது எப்ப வந்துச்சு தலைவரே?"

"எது?"

அவளுக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. அவருக்கும் இனிப்புநீர் உண்டு என்பது தோட்டத்துக்கே தெரியும். வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சுத்தமான துணியால் காலைக் கட்டினாள்.

"சின்னப் புண்ணுதானம்மா, திங்கக்கிழம பாத்துக்கலாம்."

"எனக்குத் தெரியவே மூணு நாளாச்சு. ஒங்களுக்கு இன்னிக்கே தெரிஞ்சிருச்சுல்ல? ஏறுங்க காடியில!"

தங்கராஜு காரை எடுத்தார். கிளினிக்கில் தாதி ரோகினி புண்ணைக் கழுவிக் கட்டுப்போட்டு, அந்தக் காலை ஊன்றவே கூடாது என்று மிரட்டி அனுப்பினார். ஐந்து வாரத்தில் ஆறிவிட்டது. விரல் பத்தும் பத்திரம்.

இப்போது வெள்ளிக்கிழமை பூசை முடிந்ததும் தலைவர் நேராகப் போய்ப் பந்தல் நாற்காலியில் அமர்கிறார். சுற்றிலும் யார் நிற்கிறார்கள் என்று பார்ப்பதில்லை. வேட்டியைச் சற்று உயர்த்தி, உள்ளங்காலைக் குமுதவல்லியின் பக்கம் நீட்டிவிட்டு, அவள் மூக்குக்கண்ணாடியை மாட்டும்வரை அசையாமல் காத்திருக்கிறார்.