அப்பாவிடம் விகுதி கேட்ட நாள்

அன்று நான் சிரிக்காமல் இருந்திருந்தால் அப்பா அடித்திருக்க மாட்டாரா? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

நேற்று சுவிஸின் ஓல்டனில், எங்கள் சமையலறை மேசையில் மகள் ஜேர்மன் பெயர்ச்சொல் விகுதிகளை உரத்துப் படித்தாள். 'ஹைட்' என்ற விகுதி முன்பு தன்மை என்று பொருள்தந்த தனிச்சொல்லாம். சுதந்திரம் ஜேர்மனில் ஃப்ரைஹைட், இலத்தீனில் லிபெர்தாஸ். வகுப்பிலுள்ள லக்சம்பேர்க் பிள்ளை ஃப்ரைஹேட் என்பாளாம்.

அந்த ஹைட் காதில் விழுந்ததும் எனக்குப் பத்து வயதாகிவிட்டது. உணவகத்தில் பாத்திரம் கழுவிவிட்டு வந்த அப்பா, சவர்க்கார மணத்தோடு எதிரே இருக்கிறார். வதிவிட அனுமதிக்கான மொழிச் சோதனைக்கு நான்தான் அவருக்கு வாத்தியார்.

"சுதந்திரத்துக்கு என்ன, அப்பா?"

"ஃப்ரைஷாஃப்ட்." வேறொரு விகுதியை ஒட்டிவிட்டார்.

"ஐயோ அப்பா, அப்பிடி ஒரு சொல்லே இல்லை!" சிரித்தேன்.

"ஆரைப் பாத்துச் சிரிக்கிறாய்?"

பெல்ட்டின் கொளுக்கி காதைக் கிழித்தது. கதிரையோடு விழுந்தேன். விழுந்த பிறகும் முதுகில் அடித்தார். அம்மா இரத்தம் துடைக்கும்போது அவர் பக்கத்தில் நின்று, "ஃப்ரைஹைட், ஃப்ரைஹைட்" என்று பாடமாக்கினார்.

நேற்று மகளுக்குத் திருப்பிச் சொல்லும்போது நான் அந்த இலத்தீன் சொல்லைப் பிழையாகச் சொன்னேன்.

"அம்மா, உங்களுக்கு ஒண்டும் தெரியாது!" மகள் சிரித்தாள்.

அவள் கன்னத்தில் அறைந்தேன்.

"அம்மப்பா ஒருநாளும் எனக்கு அடிக்கேல்லை," என்று அழுதாள்.

மன்னிப்புக் கேட்டுவிட்டேன். ஆனால் அவளுடைய அம்மப்பாவான என் அப்பா எனக்கு அடித்ததையும் சொல்ல வேண்டுமா? சொன்னால் அவள் அவரிடம் முன்போல ஓடிப்போக மாட்டாளோ என்று பயமாக இருக்கிறது. மறைப்பதும் சரியாகப் படவில்லை. பிள்ளை வளர்ப்பவர்களே, நீங்கள் என்ன செய்வீர்கள்? தயவுசெய்து எழுதுங்கள்.