குண்டூசிக்கும் இடமில்லாத கப்பல்

"நான் இருக்கிற கப்பல்ல, கணக்குல வராத இரும்பு ஒரு குண்டூசி அளவுகூட இருக்காது. இருந்தா மீசைய எடுத்துடறேன்!"

கேப்டன் முதல் சமையல்காரர் வரை முப்பத்தெட்டுப் பேர் கூடியிருந்த மேல்தளத்தில், புதுக்கப்பல் கடலில் இறங்கிய அன்று இப்படி முழங்கியவருக்குக் கப்பலில் வழங்கிய பெயர் காந்தம். அவரைக் கண்டதும் எல்லோரும் விலகி ஓடியதால் வைத்த பெயர். மீசையைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். அடர்த்தியானது, நரைத்தது, தினமும் எண்ணெய் கண்டது. அவருக்கு மிச்சமிருந்த ஒரே சொந்தம் என்றுகூடச் சொல்லலாம்.

அவர் பார்த்த வேலை சாதாரணமானதல்ல. கடலடிக் கண்ணிவெடிகள் இரும்பை மோப்பம் பிடிப்பவை. மேலே இரும்பு நகர்ந்தால் வெடிக்கும். ஆகவே அந்தக் கண்ணிகளைத் தேடிப் போகும் இந்தச் சின்னக் கப்பலின் உடம்பை ஃபைபர் எனும் நாரிழையால் செய்திருந்தார்கள். ஆனாலும் என்ஜின் இரும்புதானே? அதன் காந்தத்தை மறைக்கக் கப்பலைச் சுற்றி விரல் தடிமனில் ஒரு மீக்கடத்திக் கம்பி ஓடியது. பூஜ்யத்துக்குக் கீழே இருநூற்று இருபது டிகிரி குளிரில் வைத்தால் அதில் மின்சாரம் துளித் தடையும் இல்லாமல் ஓடும். கப்பலின் காந்தத்துக்கு நேர் எதிரான காந்தத்தை உண்டாக்கி, கப்பல் அங்கே இல்லவே இல்லை என்று கடலை நம்பவைக்கும். பழைய கப்பல்களில் இதே வேலைக்குத் தொடை தடிமன் செப்புக் கம்பிகள் டன் கணக்கில் தேவைப்பட்டன.

அந்தக் கம்பியைக் குளிராக வைத்திருப்பவர் காந்தம். இருப்பதை இல்லாததாக்கும் கலையில் அவருக்கு நீண்ட அனுபவம் உண்டு. ஆண்டில் பத்து மாதம் அவர் வீட்டிலும் இல்லாமலே இருந்தவர். ஆறு வருடத்துக்கு முன் மனைவி, "அக்கா வீட்டுக்கு நாலு நாள் போயிட்டு வரேன்" என்று மகளோடு கிளம்பினார். அந்த நாலு நாள் இன்னும் முடியவில்லை.

கம்பி போக, ஏணியடியில் காவலும் அவருடையதே. கையில் ஒரு காந்தமானி. ஏறுகிற ஒவ்வொருவரையும் தலை முதல் கால் வரை தடவிப் பார்ப்பார். அது கத்தினால் பொருள் கரையிலுள்ள பெட்டிக்குப் போகும், பெயர் பதிவேட்டுக்குப் போகும். பெல்ட் பக்கிள், சாவி, செல்போன், ஒருவரின் முழங்கால் பட்டையில் இருந்த கம்பி, எதுவும் தப்பியதில்லை.

"அண்ணே, நம்ம கேப்டனோட இதயம் இரும்புன்னு சொல்றாங்களே, அதையும் எழுதிக்கலாமா?" என்பார் சமையல்காரர்.

"முதல்ல உன் உருளைக்கிழங்கு சீவற கத்திய எடு."

"ஐயோ, நேத்து மறந்துட்டேண்ணே!"

"நேத்தும் அதையேதான் சொன்னே."

கப்பலில் அவரோடு இத்தனை வார்த்தை பேசுகிற ஒரே ஜீவன் சமையல்காரர்தான். அவரது அடுப்படிக்கும் காந்தத்தின் அறைக்கும் நடுவே ஒரே ஒரு மெல்லிய சுவர்.

எல்லாரையும் தடவிப் பார்த்தவரைத் தடவிப் பார்க்க யாரும் இல்லை என்பதை இங்கே குறித்துக்கொள்வது நல்லது. கட்டிலடியில், போர்வைக்குள், அவர் ஒரு சின்ன டேப் ரிக்கார்டர் வைத்திருந்தார். ஒலிபெருக்கியில் கட்டைவிரல் அளவுக்கு நல்ல காந்தம். மகள் ஆறு வயதில் விளையாட்டாகப் பதிந்த ஒரு கேசட் உள்ளே. மாலை ஐந்து மணிக்கு வேலை முடிந்ததும் சத்தத்தைக் குறைத்து அதைக் கேட்பார். குழாயில் தண்ணீர் விழும். குக்கர் மூன்று விசில் அடிக்கும். "ஃபேன நிறுத்துடி, கரண்ட் சும்மா வருதா?" என்று மனைவி கத்துவார். பிறகு மகளின் குரல்: "அப்பா எப்பம்மா வருவாங்க?"

"வந்தா தெரியும்."

அத்தோடு நாடா தீரும். காந்தம் திருப்பிச் சுற்றுவார்.

மூன்று மாதப் பயணத்துக்கு முந்தைய நாள், கப்பலின் காந்தத்தை அளக்கும் கடலடிக் கருவிகளின் மேலே அதை ஓட்டிச் சோதித்தார்கள். கருவி வரைந்த கோடு மேசை விளிம்பு போல் நேராகப் போய், கீழ்த்தளத்தின் நடுவே மட்டும் ஒரு பரு போலத் துருத்திக்கொண்டு நின்றது.

கேப்டன் வரைபடத்தையும் பதிவேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "அடுப்படி. கத்தி கேஸ் ஏற்கெனவே பதினோரு தடவை. என்னய்யா ஒளிச்சு வச்சிருக்கே?"

சமையல்காரர் காந்தத்தை ஒரு கணம் பார்த்தார். "தெரியல சார். ஏதாவது இருக்கும் சார்."

"சாயங்காலம் இறங்கிக்கோ. வேற ஆள் வருவான்."

காந்தம் காந்தமானியைப் பார்த்துக்கொண்டு நின்றார். உண்மையைச் சொன்னால் டேப் ரிக்கார்டர் கரைப் பெட்டிக்குப் போகும். மூன்று மாதம் ஐந்து மணிகள் வரும், விசில் வராது.

அறைக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்தார். சமையல்காரர் தோளில் பையோடு கதவுக்கு வெளியே நின்றார்.

"வரேண்ணே."

"நீ ஏன் 'ஏதாவது இருக்கும்'னு சொன்னே? உன்கிட்டதான் ஒண்ணும் இல்லையே?"

"இல்லதான்." பையை மறுதோளுக்கு மாற்றினார். "அண்ணே, மூணு விசில் ரொம்ப ஜாஸ்தி. பருப்பு குழைஞ்சிடும். அண்ணிகிட்ட ரெண்டுல நிறுத்தச் சொல்லுங்க."

"உனக்கு எப்பலேர்ந்து தெரியும்?"

"சுவர் நாராலதானே செஞ்சிருக்காங்க? முதல் நாள்லேர்ந்தே."

சமையல்காரர் ஏணி வரை போயிருப்பார். பின்னாலிருந்து காந்தம் கூப்பிட்டார், "அங்கேயே நில்லு." பிறகு போர்வையைப் பிரித்தார். வாழ்க்கையில் முதல்முறையாகக் காந்தமானியைத் தன் கட்டிலடியில் நீட்டினார். அது அலறியது.

கேப்டனின் மேசையில் டேப் ரிக்கார்டர் இறங்கியது. கேப்டன் அதையும் மீசையையும் மாறி மாறிப் பார்த்தார். சமையல்காரரின் பை அடுப்படிக்கே திரும்பியது.

அன்றைய பதிவேட்டில், வழக்கமான அழகான கையெழுத்தில், இரண்டு வரிகள் இருக்கின்றன. முதல் வரி: டேப் ரிக்கார்டர், ஒன்று. கண்டுபிடித்தவர், காந்தம். உரியவர், அவரே. இரண்டாவது: கரைப் பெட்டியிலிருந்து சவர பிளேடு, ஒன்று. எடுத்தவர், மேற்படியார். நேரம், மாலை ஐந்து மணி. காரணம், மீசை.