ஐம்பது வார்த்தைக்குள்

துணிக்கடையின் பின்பக்கம், ட்ரயல் ரூமுக்கும் கழிவறைக்கும் நடுவில், ஒரு தையல் மெஷின், ஒரு ஸ்டூல், ஒரு ட்யூப்லைட். அங்கே உட்கார்ந்துதான் அக்கா பதினாறு வருடமாக ஊரார் பேன்ட்டையெல்லாம் குட்டையாக்கிக்கொண்டிருந்தாள். வந்தவர்கள் கண்ணாடியில் தங்களைப் பார்த்துக்கொள்வார்கள். காலடியில் குந்தி உட்கார்ந்து குண்டூசி குத்துகிறவளை யார் பார்க்கப்போகிறார்கள்? கடையில் எல்லாருக்கும் அவள் அக்காதான். அவளைவிடப் பத்து வயது மூத்த முதலாளிக்கும் அக்காதான். பிறந்ததிலிருந்து எதுவும் சும்மா கிடைக்காத ஆள். அதனால்தானோ என்னவோ, இந்தப் போட்டிப் பைத்தியம் அவளைப் பிடித்ததும் உடும்பாகப் பிடித்தது.

பிடிக்க வைத்தவள் பில் போடும் பெண். ஒரு மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு, ஆன்லைன் போட்டியில் ஜெயித்த ஹெட்போனைக் காட்டினாள். அக்காவுக்குக் கண் அதிலேயே நின்றுவிட்டது.

"இது சூதாட்டம் இல்லக்கா, பயப்படாதீங்க. காசு கட்டுங்கன்னு சொன்னா ஓடி வந்துடணும், ஓடிபி கேட்டாலும் ஓடி வந்துடணும், அவ்வளவுதான். போட்டிக்குன்னு தனியா ஒரு மெயில் வச்சுக்கோங்க. விதிமுறையில மூணு விஷயம் பாத்தா போதும். கடைசித் தேதி என்ன, நாம சேரலாமா, ஒரு ஆள் எத்தனை தடவை அனுப்பலாம். மீதியெல்லாம் வக்கீலுங்க பொழப்புக்கு எழுதி வைக்கிறது, யாரு படிக்கிறா."

அந்தப் பெண் சொன்னதை அக்கா அப்படியே மனசில் எழுதிக்கொண்டாள். அன்று மாலையே பஸ்ஸில் நின்றபடி புது மெயில் ஆரம்பித்தாள்.

முதல் நாலு மாதம் சுண்டைக்காய் அளவுக்கு அதிர்ஷ்டம். ஜாடியில் எத்தனை மிட்டாய் என்று ஊகித்துச் சொன்னாள். சோப்பு விளம்பரத்துக்கு லைக் போட்டு மூன்று பேரை டேக் பண்ணிக் கோத்துவிட்டாள். அளவெடுக்கிற நோட்டின் கடைசிப் பக்கங்களில் கடைசித் தேதிகளை வரிசையாகக் குறித்தாள். வந்தது ஒரு சாவிக்கொத்து, ஒரு தண்ணீர் பாட்டில், முந்தின நாளோடு காலாவதியான சினிமா டிக்கெட் ரெண்டு. லிஃப்ட் மெக்கானிக்கான புருஷன், "கோடீஸ்வரி அம்மா, கொஞ்சம் சோறு போடுறீங்களா?" என்று தட்டைத் தட்டிக் கிண்டல் பண்ணினான். அவள் சிரித்துக்கொண்டே போட்டாள். மனசுக்குள் எரிந்தது.

பிறகுதான் அவளுக்கு அந்தச் சூட்சுமம் பிடிபட்டது. குலுக்கல் என்றால் லட்சம் பேர் வந்து மொய்ப்பார்கள். ஐம்பது வார்த்தையில் எழுதி அனுப்பு என்றால் முக்கால்வாசிப் பேருக்குச் சோம்பல். அதிலும் சந்தோஷமாக எழுதுகிறவர்களுக்கு ஒரு மண்ணும் கிடைப்பதில்லை. அழ வைக்கிறவர்களுக்குத்தான் பெட்டி பெட்டியாக வருகிறது. அப்பா சாகும்போது கேட்ட கடைசி வாய்த் தண்ணீரைப் பற்றி எழுதினாள். மிக்ஸி வந்தது. கல்யாணமான மூன்றாம் வருடம் கலைந்துபோன குழந்தையைப் பற்றி எழுதினாள். ரெண்டு தலையணை வந்தது.

"நல்லா மெத்து மெத்துன்னு இருக்கே. எதுக்குக் குடுத்தாங்க?" என்று கேட்டான் புருஷன், தலையை வைத்து அமுக்கிப் பார்த்தபடி.

"சும்மா, குலுக்கல்ல விழுந்துச்சு."

அவன் அந்தத் தலையணையில்தான் இன்றுவரை தூங்குகிறான். அவளுக்கு முதல் ரெண்டு நாள் சங்கடமாக இருந்தது. மூன்றாம் நாள் பழகிவிட்டது. மனுஷருக்குப் பழகாதது என்ன இருக்கிறது?

கடையில் அவள் இப்போது 'லக்கி அக்கா'. விற்பனைப் பெண்கள் வந்து அவள் கையைத் தொட்டுவிட்டுப் போனார்கள். பதினாறு வருடத்தில் முதல் தடவையாக முதலாளி நின்று, "இந்த மாசம் என்ன விழுந்துச்சு?" என்று விசாரித்தார். அந்த ருசிதான் பொல்லாதது. சொந்தத் துக்கம் எல்லாம் தீர்ந்துபோனபோது, அவள் அக்கம்பக்கம் பார்க்க ஆரம்பித்தாள்.

பக்கத்துத் தெருவில் தங்கை இருந்தாள். பல் ஆஸ்பத்திரியில் ரிசப்ஷன் வேலை, பதினோரு வயதில் ஒரே மகள். தங்கை புருஷன் கப்பலில் வேலை பார்க்கிறான் என்பது ஊருக்குத் தெரிந்த கதை. அவன் கப்பலையே பார்த்தது கிடையாது, இன்னொருத்தியோடு போய் நாலு வருடம் ஆகிறது என்பது ரெண்டே பேருக்குத் தெரிந்த கதை. ஒருத்தி தங்கை, இன்னொருத்தி அக்கா. மகளுக்குக்கூடத் தெரியாது. பிறந்தநாள்தோறும் 'அப்பா அனுப்பின' பார்சலை, தன் தையல் மேஜைமேல் வைத்துச் சுற்றி ஒட்டித் தருபவளே அக்காதான். "இவ பெரியவளாகற வரைக்கும்தான்க்கா. அதுவரைக்கும் அவளுக்கு ஒரு அப்பா இருக்கட்டும்" என்பாள் தங்கை. யாரிடமும் மூச்சு விடமாட்டேன் என்று தங்கை தலையில் கை வைத்து அக்கா சத்தியம் பண்ணியிருந்தாள்.

வாஷிங் மெஷின் கம்பெனி ஒன்று போட்டி வைத்தது. உங்களுக்குத் தெரிந்த ஓயாத கை யாருடையது? ஐம்பது வார்த்தைக்குள். அந்தக் கைக்கு மெஷின், எழுதியவருக்கு இஸ்திரிப்பெட்டி. தங்கைக்கு மணிக்கட்டில் ஓயாத வலி, வாளி வாளியாகத் துணி. உதவிதானே என்று அக்கா தன்னைத்தானே தட்டிக்கொடுத்துக்கொண்டாள். பேன்ட்டுக்கு எலாஸ்டிக் கோத்துக்கொண்டே யோசித்து, சாப்பாட்டு வேளையில் எழுதி முடித்தாள்.

"என் தங்கையின் கை. கணவன் அவளை விட்டு வேறொருத்தியுடன் போய் நான்கு வருடம். அப்பா கப்பலில் இருக்கிறார் என்று மகளிடம் சொல்லி வைத்திருக்கிறாள். மகள் பிறந்தநாளுக்குத் தானே பரிசு வாங்கி, அப்பா அனுப்பியதாகக் கொடுக்கிறாள். பகலில் பல் மருத்துவமனை, மாலையில் துணி துவைப்பு. மகள் தூங்கிய பிறகுதான் அவள் அழுவாள், குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு."

கடைசி வரி மட்டும் கைச்சரக்கு. அது இல்லாமல் ஏதோ குறைகிற மாதிரி இருந்தது அவளுக்கு. கடைசித் தேதி பார்த்தாள், சேரலாமா என்று பார்த்தாள், எத்தனை தடவை என்று பார்த்தாள். பதினொன்றாவது விதியை யார் பார்த்தார்கள்? ஜெயிக்கிற பதிவை, ஜெயித்தவர் படத்தோடு, கம்பெனி வெளியிடும் என்று அதில் தெளிவாக எழுதியிருந்தது. மிக்ஸிக்காரனும் தலையணைக்காரனும் அப்படிப் போடவில்லை, இவனும் போடமாட்டான் என்று அவளுக்கு ஒரு அசட்டு நம்பிக்கை.

ஜெயித்தாள். "உன் பேரைக் குலுக்கல்ல போட்டேன்டி, விழுந்துடுச்சு" என்றாள். தங்கைக்குத் தலைகால் புரியவில்லை. அக்காவைக் கட்டிக்கொண்டு சுற்றினாள். மெஷினோடு கம்பெனி ஆள் காமிராவும் கொண்டு வந்தான். தங்கையும் மகளும் மெஷின்மேல் ஆளுக்கொரு கை வைத்துக்கொண்டு பல் தெரியச் சிரித்தார்கள். அவன் நீட்டிய தாளில் தங்கை எதையும் பார்க்காமல் கையெழுத்துப் போட்டாள். அக்கா கொடுத்த பரிசு, அதில் என்ன பார்க்க இருக்கிறது?

செவ்வாய்க்கிழமை கம்பெனியின் ஆன்லைன் பக்கத்தில் படம் வெளியாயிற்று. சிரித்த ரெண்டு முகம், கீழே ஒரு வார்த்தை குறையாமல் அந்த வரிகள். ஆஸ்பத்திரியில் பல் பிடுங்க வந்தவர்கள்கூடத் தங்கையைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். பள்ளிக்கூடத்தில், மத்தியானத்துக்குள் ஏழாம் வகுப்பு முழுக்கப் படித்து முடித்துவிட்டது.

விஷயம் தெரிந்து அக்கா ஓடினாள். தங்கை வீட்டில் மெஷின் இன்னும் பாதி அட்டைப்பெட்டியோடு நின்றது. உள் அறைக் கதவு சாத்தியிருந்தது. தங்கை நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். எதிரே தரையில் ஒரு பொம்மை, கலர் பென்சில் பெட்டி, கைக்கடிகாரம், சிவப்புப் பை, நாலும் வரிசையாக இருந்தன.

"ஸ்கூல்லேருந்து வந்தா. இதையெல்லாம் எடுத்துட்டு வந்து வச்சா. 'எந்தெந்தக் கடையில வாங்கினம்மா?'ன்னு கேட்டா. நான் ஒவ்வொண்ணா சொன்னேன். கேட்டுக்கிட்டு உள்ள போயிட்டா."

"உனக்காகத்தானேடி பண்ணேன். உன் கை வலிக்குதுன்னு..."

"உனக்கு என்ன கிடைச்சுது?"

அக்கா தரையைப் பார்த்தாள். "இஸ்திரிப்பெட்டி."

தங்கை தலையை ஆட்டினாள். "ஒண்ணு மட்டும் சொல்லுக்கா. நான் எப்ப குழாயைத் திறந்து வச்சு அழுதேன்? நாலு வருஷத்துல ஒரு தடவை அழுதேனா? அதை எங்கேருந்து எடுத்த?"

அக்கா அவளைத் தாண்டிப் போனாள். உள் அறைக் கதவைத் தட்டி, "கண்ணு, பெரியம்மா வந்திருக்கேன்" என்றாள். உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.

பதிவை எடுத்துவிடச் சொல்லிக் கம்பெனிக்கு மூன்று தடவை எழுதினாள். பதினொன்றாவது விதிப்படி ஒரு வருடம் அது இருக்கும் என்று பதில் வந்தது. பதினெட்டாயிரம் பேர் மனதைத் தொட்டுவிட்டதாகவும், மனமார்ந்த வாழ்த்துகள் என்றும் அதே பதிலில் இருந்தது. தங்கை மெஷினைக் கீழ் வீட்டுக்காரிக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டு வாளியில் துவைத்தாள். தெருவில் எதிரே வந்தால் மறுபக்கம் போனாள். கூடவே மகளும் போனாள். அக்காவுக்குக் குழந்தை கிடையாது. அவளைப் 'பெரியம்மா' என்று கூப்பிட உலகத்தில் அந்த ஒரே ஒரு வாய்தான் இருந்தது.

மூன்று வாரம் பொறுத்துப் பார்த்தாள். ஒரு மத்தியானம், தைக்க வேண்டிய ஆறு பேன்ட்டை ஓரமாகத் தள்ளிவிட்டு, போனில் தங்கைக்கு எழுதினாள். எழுதி அழித்து, அழித்து எழுதினாள். செய்தது துரோகம் என்று எழுதினாள். உன் துக்கத்தை விற்றுவிட்டேன், குழாய்க் கதையை நானே கட்டினேன், என்னை அடி, ஆனால் பேசாமல் மட்டும் இருக்காதே என்று எழுதினாள். நிஜமாகவே அழுதுகொண்டுதான் எழுதினாள், அதில் சந்தேகம் வேண்டாம். அனுப்பினாள்.

கால் மணி நேரத்தில் பதில் வந்தது.

"ரொம்ப நல்லா எழுதியிருக்க. எதுக்காவது அனுப்பு."

அதற்குப் பிறகு அந்த எண்ணுக்கு எதுவும் போகவில்லை. தங்கை ப்ளாக் பண்ணிவிட்டாள். அக்கா அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு ரெண்டு நாள் சாப்பிடவில்லை.

அடுத்த மாதம் பேனா கம்பெனி ஒன்று போட்டி வைத்தது. யாரிடம் மன்னிப்புக் கேட்க ஆசைப்படுகிறீர்கள்? ஐம்பது வார்த்தைக்குள். ஜெயித்தால் ஊருக்கே போட்டுக் காட்டுவார்கள் என்பது இப்போது அவளுக்கு நன்றாகத் தெரியும். தங்கைக்கு அனுப்பியதை எடுத்து எண்ணிப் பார்த்தாள். ஆறு வார்த்தை கூடுதலாக இருந்தது. வெட்டி அனுப்பினாள். முடிவு வருகிற வெள்ளிக்கிழமை.