மாஸ்டர் போட்ட தாளம்

எங்கள் வீட்டில் கார் ஓட்டக் கற்றுக்கொள்ளப் போனது அக்கா. காவலுக்குப் போனது நான். காலேஜ் சேர்ந்துவிட்ட பெண்ணாகவே இருந்தாலும், டிரைவிங் ஸ்கூல் மாஸ்டரோடு தனியாகக் காரில் அனுப்ப அம்மாவுக்கு மனசில்லை. ஆறாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த என்னைக் காலையில் உலுக்கி எழுப்பி, முகம்கூடக் கழுவவிடாமல் பின் சீட்டில் ஏற்றிவிடுவாள். "கண்ணை நல்லா தொறந்து பாத்துக்கினு இரு" என்பது கட்டளை. எதைப் பார்ப்பது என்று மட்டும் சொல்லமாட்டாள். தூக்கம் போன கடுப்பில் நானும் கேட்டதில்லை.

அப்பா பெரிய வண்டிகள் செய்யும் தொழிற்சாலையில் ஃபிட்டர். மலை போன்ற டம்பர் லாரிக்கெல்லாம் பிரேக் மாட்டுவார். ஓட்ட மட்டும் தெரியாது. அப்படிப்பட்டவர் எங்கிருந்தோ ஒரு பழைய காரை வாங்கிவந்து தங்கச் சுரங்கக் குடியிருப்பான சாம்பியன் ரீப்ஸில் எங்கள் வாசலில் நிறுத்தி, "இந்த வூட்டுக்கு நீதாம்மா டிரைவர்" என்று அக்காவிடம் சாவியைக் கொடுத்துவிட்டார். அவள் எங்கே கற்றுக்கொள்வது என்ற யோசனை அதற்குப் பிறகுதான் வந்தது. எங்கள் வீட்டில் எல்லாமே இந்த வரிசையில்தான் நடக்கும். பங்காருபேட்டை காலேஜுக்கு பஸ்ஸில் நசுங்கிப் போய்க்கொண்டிருந்த அக்கா, இனிமேல் காரில்தான் வருவேன் என்று தோழிகளிடமெல்லாம் அறிவித்துவிட்டாள்.

மாஸ்டர் அதிகம் பேசாதவர். எங்களிடம், அதாவது. போனில் யாரிடமோ ஓயாமல் பேசுவார். காரில் பாட்டு ஓடும், பேச்சு ஓடும், இரண்டுக்கும் நடுவில் வண்டியும் ஓடும். "ஸ்டேரிங்கைப் புடி. எட்டு போட்டா லைசென்ஸ் வந்துடும், கவலையே படாத" என்பதுதான் அவர் நடத்திய பாடம்.

நான் இரண்டு சீட்டுக்கும் நடுவில் தலையை நீட்டிக்கொண்டு, வேறு வேலை இல்லாததால் அவர் காலைப் பார்த்துக்கொண்டிருப்பேன். செருப்பை ஒதுக்கிவிட்டு வலது காலால் கீழே தாளம் போடுவார். அதுவும் தப்புத் தாளம். பாட்டு மெதுவாகப் போகும்போது ஓங்கி ஒரு மிதி. குத்துப் பாட்டு வரும்போது கால் சும்மா கிடக்கும். மாடு குறுக்கே வந்தால் ஒரு தாளம், எதிரே பஸ் வந்தால் ஒரு தாளம். இவ்வளவு பாட்டு கேட்கிற மனுஷனுக்குத் தாளம் வரவில்லையே என்று எரிச்சலாக வரும். அக்காவோ நேராகப் பார்த்தபடி ராணி மாதிரி உட்கார்ந்திருப்பாள். டெஸ்டும் அதே காரில், மாஸ்டர் பக்கத்தில் இருக்கத்தான் நடந்தது. லைசென்ஸ் வந்தது. அம்மா தெருவுக்கே கேசரி கொடுத்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் காரை முதன்முதலாக எடுத்தோம். வாசலிலிருந்து ரோட்டுக்கு ஒரு சரிவு இறங்கும். ரோட்டைத் தாண்டினால் எதிர் வீட்டுச் சுவர். அப்பா சுவர் ஓரமாகப் போய் நின்றுகொண்டு கையை ஆட்டினார். "வா, வா... கேஜ் எறக்குற மாதிரி மெதுவா எறக்கு." ஆட்களைக் கூண்டில் வைத்து இறக்கிய சுரங்கம் மூடியும் அந்தப் பேச்சு போகவில்லை. வண்டி இறங்கியது. அப்பா நிறுத்தச் சொல்லிக் கையைத் தூக்கினார். வேகம் கூடியது. பின் சீட்டில் இருந்த எனக்குக் கண்ணாடியில் அக்காவின் முகம் தெரிந்தது. அதில் பதற்றமே இல்லை. வண்டி நிற்கட்டும் என்று காத்துக்கொண்டிருந்தாள்.

சுவரில் இடித்துத்தான் நின்றது. நடுவில் அப்பாவின் கால் இருந்தது.

ஆஸ்பத்திரிக்கு வந்த சொந்தக்காரர்கள் எல்லாரும் ஆளுக்கொரு சீப்பு வாழைப்பழமும், "பொம்பளப் புள்ளைக்கு இன்னாத்துக்கு காரு?" என்ற ஒரே கேள்வியும் கொண்டுவந்தார்கள். அவர்கள் போன பிறகு அப்பா கேட்டார்.

"இன்னாம்மா, நீ பிரேக்கே புடிக்கலியே?"

அக்கா தேம்பிக்கொண்டே சொன்னாள். "எப்பவும் அதுவே நின்னுடும்ப்பா."

அப்பா அவள் தலையைத் தடவினார். பிறகு, "அழாத கண்ணு. உன் மேல தப்பில்ல. உனக்கு யாரும் கத்துத் தரல" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஒரு கண்ணாடி டம்ளரை உடைத்ததற்கு நான் வாரம் முழுக்கத் திட்டு வாங்கியிருக்கிறேன். காலையே உடைத்தவளுக்குக் கொஞ்சலா? அம்மா என் பக்கம் திரும்பினாள். "நீ கூடவே போனியே, இன்னாடி பாத்த?"

"ஒண்ணுமில்ல. மாஸ்டர் பாட்டு கேட்டுக்கினு காலால தாளம் போடுவாரு."

அப்பா கண்ணை மூடிக்கொண்டார். வலி போல என்று நினைத்தேன்.

காரை விற்றுவிட்டார்கள். அக்கா மறுபடி பஸ்ஸில் நசுங்கினாள். ஸ்டேரிங்கை அதன் பிறகு அவள் தொடவே இல்லை. எனக்குப் பதினெட்டு ஆனபோது வேறொரு பள்ளியில் சேர்ந்தேன். அங்கேதான் மாஸ்டரின் காலடியிலும் ஒரு பிரேக் இருப்பதை முதன்முதலாகக் குனிந்து பார்த்தேன். "சார், காலை மடக்கி வெச்சுக்கங்க, நான் புடிக்கிறேன்" என்றதும் அவர் என்னைப் பைத்தியத்தைப் போலப் பார்த்தார்.

இப்போது என் காரில் அக்கா பக்கத்தில் உட்கார்ந்து வருகிறாள். ஒவ்வொரு வளைவிலும் அவளுடைய வலது கால் வெறும் தரையை அழுத்தும். "அங்க ஒண்ணுமில்லக்கா, காலை எடு" என்று கத்திக் கத்தி அலுத்துவிட்டது. அவளை எப்படித் திட்டுவது? அம்மா சொன்னபடி நான் கண்ணைத் திறந்துதான் வைத்திருந்தேன். அந்தக் காலைத் தினமும் பார்த்தவள் வீட்டில் நான் ஒருத்திதான். வண்டியை ஓட்டியது யார் என்பதுதான் அப்போது எனக்குத் தெரியவில்லை.