கிணற்றுப் பேய்க்கு அம்மா கொடுத்த புடவை

எழுபதுகளின் கடைசி. உத்திரமேரூர் டென்ட் கொட்டகையில் ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் பேய்ப் படம் போட்டிருந்தார்கள். மணலில் உட்கார்ந்து, அண்ணியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். கிணற்றில் தள்ளிக் கொல்லப்பட்ட ஒருத்தி பேயாக வந்து படம் முழுக்க அலறுகிறாள். கொட்டகையே நடுங்கியது. எனக்கோ, இவளை ஒரு வார்த்தை பேச விடமாட்டார்களா என்று ஆற்றாமையாக இருந்தது.

சரி, நாமே பேச வைப்போம் என்று கவிதை எழுத ஆரம்பித்தேன். எல்லாம் அவளே சொல்வது போல. ஒன்று முடிந்தால் இன்னொன்று என்று தொடராக வளர்ந்தது. வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தால்தான் எனக்கு வரி அமையும். அதற்குத் தோதாக நான் பிடித்த இடம் எங்கள் கழனிக் கிணற்றடி. அதுவும் உச்சி வெயிலில், தலையை விரித்துப் போட்டுக்கொண்டு! பார்த்தவர்கள் வேறு என்ன நினைப்பார்கள்?

ஒரு வெள்ளிக்கிழமை காலை, உடுக்கையோடு பூசாரி வந்துவிட்டார். எனக்குப் பேய் பிடித்துவிட்டதென்று வீட்டில்தான் வரச் சொல்லியிருந்தார்கள். பேயை ஓட்டியதும் உச்சி முடியை அறுத்துப் புளியமரத்தில் வைத்து ஆணி அடிப்பார்கள். பேய் பிடித்த பெண் என்ற பெயர் ஆயுசுக்கும் ஒட்டிக்கொள்ளும். அந்த மாதம்தான் திருப்புலிவனத்திலிருந்து என்னைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது.

“பேய் இல்லீங்க, கவிதை” என்றேன்.

“எல்லாப் பேயும் மொதல்ல இப்டித்தான் சொல்லும். யாரு நீ? இன்னாத்துக்கு இந்தப் பொண்ணப் புடிச்சிக்கினு கீறே?” என்றார் பூசாரி.

கோபம் வந்தால் நான் முன்பின் பார்ப்பதில்லை. கவிதையையே எடுத்து விட்டேன்.

“நீங்கள் இறைத்துக் குடித்த நீரில்
என் கூந்தல் வாசம் இல்லையா?
இன்னும் ஈரத்தோடு நிற்கிறேன்,
துவட்டிக்கொள்ள ஒரு துணி தருவாரில்லை.”

உடுக்கைச் சத்தம் கூடியது. பூசாரி கத்தியை எடுத்தார். அப்போது அம்மா விறுவிறுவென்று உள்ளே போய், பெட்டியிலிருந்த தன் நல்ல புடவையைக் கொண்டுவந்து என் தோளில் போர்த்தினாள். அழுதுகொண்டிருந்தாள்.

“போதும் நிறுத்துங்க பூசாரி. பாவம், போவ எடமில்லாம நனஞ்சிக்கினு கீது. எங்க வூட்லயே இருந்துட்டுப் போவட்டும்.”

பூசாரி கத்தியைக் கீழே வைத்தார். வீட்டுக்காரியே பேயை இருக்கச் சொன்னால் அவர் என்னதான் செய்வார்? என் முடி தப்பியது. திருப்புலிவனத்துச் சம்பந்தம் தப்பவில்லை. அதற்காக அம்மா ஒரு வார்த்தை என்னைக் கடிந்துகொண்டதில்லை.

பிற்பாடு என் கவிதைகள் பத்திரிகைகளில் வந்தன, பாராட்டும் கிடைத்தது. ஆனால் நான் எழுதியவளை நிஜமென்று நம்பி, பெற்ற மகளின் கல்யாணம் நின்றாலும் பரவாயில்லை என்று அவளுக்கு வீட்டில் இடம் கொடுத்த ஒரு வாசகி, அம்மாவைத் தவிர எனக்கு இன்றுவரை வாய்க்கவில்லை.